மயக்க மருந்து: ஆபரேஷனுக்கு முன் நீங்கள் கேட்பதும் நாங்கள் கேட்பதும், ஒரு முழுமையான வழிகாட்டி

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்காகத் தியேட்டர் மேஜையில் படுத்திருந்தார். மயக்க டாக்டரான நான், வார்டில் ஒருமுறை, வாசலில் ஒருமுறை கேட்டதையே மறுபடியும் கேட்டேன். "அய்யா, காலையில இருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" "இல்லீங்க" என்றார். அவர் மீசை ஓரத்தில் சட்னியில் கிடந்த கடுகு ஒன்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் உண்மை வந்தது. "மருமக ரெண்டு இட்லி கொடுத்துச்சுங்க. வயசான மனுசன் பசி தாங்கமாட்டேன்னு."

ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிவைத்தோம். வெளியே வந்து அந்த மருமகளிடம் பேசியபோதுதான் புரிந்தது. "வெறும் வயித்தோட வாங்க" என்று சொன்னவர்கள், ஏன் என்று அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஒரு வாய் இட்லி கொடுத்திருக்கமாட்டார். அந்தத் தவறு எங்களுடையது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படிக்கும் ஏன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மயக்க டாக்டர் என்ன செய்கிறார்?

ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீங்கள் தியேட்டருக்குள் வந்ததிலிருந்து நன்றாகக் கண் விழித்துப் பேசும் வரை அவர் உங்கள் தலைமாட்டில் இருப்பார். சர்ஜன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மூச்சு, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஆக்சிஜன், உடல் சூடு எல்லாவற்றையும் பார்த்து, அந்தந்த நிமிடத்துக்கு வேண்டிய மருந்தைக் கூட்டிக் குறைப்பது அவர் வேலை.

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ஒரு மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவி கொடுத்து, வலி இல்லாமல் ஒரு கட்டியை அகற்ற முடியும் என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். அதற்கு முன் ஆபரேஷன் என்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ள, அலறலுக்கு நடுவே அவசர அவசரமாக அறுப்பதுதான். அன்றைக்கு இருந்தது ஒரு கண்ணாடிக் குடுவையும் ஈதரும் மட்டுமே. இன்று ஒவ்வொரு மூச்சையும் அளந்து காட்டும் கருவிகள் உண்டு.

முதல் படி: தேதி குறித்ததும் மயக்கப் பரிசோதனை

"பிட்னஸ் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்புவார்கள். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ எடுப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தாள்களைவிட முக்கியமானது அங்கே நடக்கும் பத்து நிமிடப் பேச்சு. கேட்பதற்கெல்லாம் காரணம் உண்டு.

வாயை அகலமாகத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வோம். தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் ட்யூப் எளிதாகப் போகுமா என்று பார்ப்பதற்குத்தான். வருடக்கணக்கில் பாக்கு, குட்கா, புகையிலை போட்டவர்களுக்கு கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் போகும். அது முன்பே தெரிந்தால் அதற்கேற்ற கருவிகளோடு தயாராக இருப்போம். மேஜையில் படுக்கவைத்த பிறகு தெரிந்தால் ஆபத்து. ஆடும் பல், கட்டின பல் இருந்தால் சொல்லுங்கள். இரண்டு மாடி நிற்காமல் ஏற முடிகிறதா என்ற கேள்வி உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் பற்றி எங்களுக்கு நிறையச் சொல்லும். குறட்டையைப் பற்றி உங்களைவிட வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

குடிப்பழக்கத்தை மறைப்பவர்கள் அதிகம். "குடிக்கிறவங்களுக்கு மயக்கமே ஏறாது" என்று ஊரில் சொல்வதில் பாதி உண்மை. மருந்து கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கலாம், அதை எங்களால் சமாளிக்க முடியும். பெரிய ஆபத்து பிறகு வருகிறது. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுக்கம், பிதற்றல், வலிப்பு என்று வரலாம். ஆபரேஷன் முடிந்த உடம்பு அதைத் தாங்காது. மனைவி முன்னால் சொல்லத் தயக்கமாக இருந்தால், "டாக்டர், தனியாப் பேசணும்" என்று கேளுங்கள். நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை.

குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனில் விசித்திரமாக ஏதாவது நடந்ததா என்பதையும் பெரியவர்களிடம் விசாரியுங்கள். உதாரணமாக, சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து வழக்கமாகச் சில நிமிடங்களில் தானாக முறிந்துவிடும். சிலருக்கு அதை முறிக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு அது மணிக்கணக்கில் நீடிக்கும், அதுவரை வென்டிலேட்டரில் வைத்திருக்கவேண்டும். ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவது மருத்துவ உலகில் தெரிந்த விஷயம். அதனால்தான் சில நேரம் சமூகத்தைக் கேட்கிறோம், தவறாக எடுத்துக்கொள்ளவேண்டாம். முன்பே தெரிந்தால் வேறு மருந்தைக் கொடுத்துவிடலாம்.

இரண்டாம் படி: எந்த வகை மயக்கம்?

எல்லா ஆபரேஷனுக்கும் முழு மயக்கம் வேண்டியதில்லை. சின்னக் கட்டி, பல் பிடுங்குவது போன்றவற்றுக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசி போதும். கண்புரைக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தோ கண்ணைச் சுற்றி ஊசியோதான். கேமராக் குழாய் விட்டு இரைப்பை, பெருங்குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி போன்றவற்றுக்கு லேசான தூக்கம் தரும் மருந்து கொடுக்கலாம். கூப்பிட்டால் முனகுவீர்கள், மூச்சு உங்களுடையதாகவே இருக்கும், பிறகு பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. லேசான மயக்கம்தானே என்று சாப்பிட்டுவிட்டு வருவது தவறு. வயிறு காலியாக இருக்கவேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

கை ஆபரேஷனுக்குக் கழுத்திலோ தோள்பட்டைக்குக் கீழோ ஸ்கேன் பார்த்து நரம்பைச் சுற்றி மருந்து போடுவார்கள். ஆபரேஷன் முடிந்தும் பல மணி நேரம் கை மரக்கட்டைபோல் இருக்கும், பயப்படவேண்டாம். அதுவரை கையைத் தூளியில் தொங்கவிட்டு, சூடான டம்ளர், அடுப்புப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

முழு மயக்கத்தில் நினைவே இருக்காது. மூச்சுக்கு ட்யூபும் இயந்திரமும் உதவும். லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது), நெஞ்சு, மூளை, பெரிய வயிற்று ஆபரேஷன்களுக்கு இதுதான்.

முதுகு ஊசி: "ஆயுசுக்கும் இடுப்பு வலி வருமாமே?"

சிசேரியன், குடலிறக்கம், கர்ப்பப்பை, கால் எலும்பு, முழங்கால் மாற்று என இடுப்புக்குக் கீழே பெரும்பாலானவற்றுக்கு முதுகு ஊசிதான். அதைப் பற்றிய பயமும் அந்த அளவுக்கு உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசி போடுவது அதற்கும் கீழே, நரம்பு இழைகள் நீருக்குள் நூல்போல மிதக்கும் இடத்தில். ஊசி தையல் ஊசியைவிட மெல்லியது. பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை வளைத்து உட்காரச் சொல்வோம். அப்படி வளைத்தால்தான் எலும்புகளுக்கு இடையே வழி திறக்கும். இரண்டொரு நிமிட வேலைதான். பிறகு பிட்டத்தில் இதமான சூடு பரவும், கால் கனக்கும், பத்து நிமிடத்துக்குள் தூக்கவே முடியாது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தானாகத் திரும்பும்.

நீண்டகால இடுப்பு வலிக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், அவ்வளவுதான். குழந்தை பெற்றவர்களுக்கு இடுப்பு வலி வருவது உண்மை. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் வருகிறது. கர்ப்பத்தில் தசைநார்கள் தளர்ந்து, எடை கூடி, பிறகு இரவெல்லாம் குனிந்து பால் கொடுத்து, குழந்தையைத் தூக்கித் தூக்கி வருகிற வலி அது. "அந்த ஊசிதான்" என்று சொல்லிவிட்டு அப்படியே இருப்பதால் பல பெண்களுக்குச் சரியான உடற்பயிற்சியும் சிகிச்சையும் கிடைக்காமலே போகிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது அதுதான்.

தலைவலி மட்டும் உண்மையாகவே வரக்கூடியது. 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் இந்த முறையைக் கொண்டுவந்த ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து, பல நாள் தலைவலியோடு படுத்தார். ஊசித் துளை வழியாக முதுகு நீர் கசிவதால் வருவது இது. உட்கார்ந்தால் கடுமையாகும், படுத்தால் அடங்கும். அதுதான் இதன் அடையாளம். ஊசி மெல்லியதாகிவிட்டதால் இப்போது குறைந்திருக்கிறது. வந்தால் ஓய்வு, நிறையத் தண்ணீர், வலி மாத்திரை என்று பெரும்பாலும் சரியாகிவிடும். அடங்காவிட்டால் உங்கள் ரத்தத்தையே சிறிது எடுத்து முதுகில் செலுத்தி அந்தத் துளையை அடைக்கும் வழியும் இருக்கிறது.

தலையணை இல்லாமல் ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்தால் தலைவலி வராது என்பது பழைய நம்பிக்கை. அப்படிப் படுத்ததால் தலைவலி குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்று பிள்ளை பெற்றவளைத் தாகத்தில் வாடவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சீழ் கிருமியால் பிடிக்கிறது, தண்ணீரால் இல்லை. டாக்டர் அனுமதித்ததும் தாராளமாகக் குடிக்கக் கொடுங்கள்.

மூன்றாம் படி: தினமும் போடும் மாத்திரைகள்

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள். "வெள்ளையா, சின்னதா, ராத்திரி ஒண்ணு" என்றால் எங்களுக்குத் தெரியாது. எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். கீழே இருப்பது பொதுவான நடைமுறை, உங்களுக்கு எது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும்.

தைராய்டு, வலிப்பு மாத்திரைகளை ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரில் போடச் சொல்வோம். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுத்துவிட்டு, அதைக் கையோடு எடுத்து வாருங்கள். பி.பி. மாத்திரைகளில் அம்லோடிபின், மெட்டோப்ரொலால் போன்றவை வழக்கமாகத் தொடரும். டெல்மிசார்டன், ராமிப்ரில் வகையைப் பல இடங்களில் அன்று காலை நிறுத்துகிறார்கள். மயக்கத்தில் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிடலாம் என்பதுதான் காரணம்.

சுகர்காரர்கள் வெறும் வயிற்றில் வழக்கமான மாத்திரையைப் போட்டால் சுகர் தாழ்ந்துவிடும். இன்சுலின் அளவையும் மாற்றவேண்டும். இப்போது பரவலாகத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு சேர்ந்தால் சுகர் சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். எடை குறைக்க வாரம் ஒருமுறை செமாகுளூடைட் ஊசி போட்டுக்கொள்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். அதில் இரைப்பை காலியாக நேரமாகும்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை நாள் கணக்குப் பார்த்து நிறுத்தவேண்டும். ஆனால் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். அதை இதய டாக்டரும் மயக்க டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். நாட்டு மருந்து, சித்த மருந்து, லேகியம் எதுவானாலும் சொல்லிவிடுங்கள், யாரும் திட்டமாட்டார்கள்.

பீடி, சிகரெட்டை நாலு முதல் எட்டு வாரம் முன்பே விட்டால் நுரையீரலுக்கு நல்லது. முடியவில்லை என்றால் கடைசி ஒரு நாள் விட்டாலும் ரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு குறையும். அதுவும் லாபம்தான்.

நான்காம் படி: வயிற்றைக் காலியாக வைப்பது

விழித்திருக்கும்போது ஒரு துளி தண்ணீர் தவறிப் போனாலும் இருமித் தள்ளுகிறோம். மயக்கத்தில் அந்தக் காவல் தூங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி, அமிலத்தோடு நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இதை 1946-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் பிரசவ மயக்கத்தில் நடந்த சம்பவங்களிலிருந்து விளக்கினார். அன்றிலிருந்து பட்டினி நேரத்தில் இவ்வளவு கண்டிப்பு.

பிரியாணி, கறி, பூரி, வடை போன்ற எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு 8 மணி நேரம். இட்லி, இடியாப்பம், ரொட்டி போன்ற எளிய சாப்பாட்டுக்கு 6 மணி நேரம். பால், பவுடர் பால் எதுவானாலும் 6. தாய்ப்பால் 4. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை.

இங்கே அதிகம் தவறுவது காபியில்தான். "சாப்பிடல டாக்டர், காபி மட்டும்" என்பார்கள். பால் வயிற்றில் திரிந்து கட்டியாகிவிடும், அதனால் அது சாப்பாட்டுக் கணக்கு. கஞ்சி, மோர், ஹார்லிக்ஸ், பழக்கூழ் எல்லாமே அப்படித்தான். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மத்தியானம் ஆபரேஷன் என்றால் முந்தின இரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காயவேண்டிய அவசியம் இல்லை, குழந்தைகளும் வயதானவர்களும் அதில் துவண்டுவிடுகிறார்கள். "எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம்?" என்று நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்? சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், வேறொன்றும் ஆகாது. அவசர ஆபரேஷன் என்றால் நிறைந்த வயிற்றுக்கென்றே தனி முறை இருக்கிறது, அதைக் கையாள்வோம். தெரியாமல் நடப்பதுதான் கொல்லும்.

ஐந்தாம் படி: அன்று காலை

குளித்து, நகப்பூச்சைத் துடைத்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் கணக்கை அது குழப்பலாம். பவுடர், கண்மை வேண்டாம். பல்செட், கான்டாக்ட் லென்ஸ் கழற்றவேண்டும்.

நகை விஷயம் மென்மையாகப் பேசவேண்டியது. ஆபரேஷனில் ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் படும் இடத்தில் தீப்புண் ஏற்படலாம். அதனால்தான் மெட்டி, கொலுசு, தாலிச் சங்கிலி எல்லாம் கழற்றச் சொல்கிறோம். தாலியைக் கழற்றப் பல அம்மாக்களுக்குக் கண் கலங்கிவிடும். வீட்டிலேயே மஞ்சள் கயிறு ஒன்று கட்டிக்கொண்டு, பொன்னை மட்டும் கழற்றிவைத்துவிட்டு வரலாம். கழுத்து ஆபரேஷன் தவிர மற்றவற்றில் அதை யாரும் தொடமாட்டார்கள்.

மூக்குத்தி இன்னொரு கதை. நாற்பது வருடமாகக் கழற்றாத திருகு, தியேட்டர் வாசலில் சோப்பு போட்டும் கழலாது. ட்யூப் போடும்போதோ எடுக்கும்போதோ அது விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் பெரிய வினை. இரண்டு நாள் முன்பே ஆசாரியிடம் போய்க் கழற்றிக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குச் சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். சளிபிடித்த மூச்சுக்குழாய் மயக்கத்தில் சட்டென்று இறுகிக்கொள்ளும். அவசரமில்லாத ஆபரேஷனைச் சில வாரம் தள்ளிவைப்பதே நல்லது.

ஆறாம் படி: தியேட்டருக்குள்

குளிரும், போர்வை கேளுங்கள். பேர் என்ன, எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். மறதியால் அல்ல, ஆள் மாறாமலும் பக்கம் மாறாமலும் இருக்கத்தான். கையில் மருந்து ஏற்ற வென்ஃப்ளான் என்ற மெல்லிய குழாயைக் குத்துவார்கள். முழு மயக்கம் என்றால் முகத்தில் மாஸ்க் வைத்துச் சில நிமிடம் ஆழமாக மூச்சிழுக்கச் சொல்வோம், அது ஆக்சிஜன். பிறகு பால்போல வெள்ளையாக ஒரு மருந்து, புரோபோஃபால், ரத்தக்குழாயில் ஏறும். கை கொஞ்சம் எரியும். பத்து இருபது வினாடி, அவ்வளவுதான்.

"பாதியில் முழிச்சுக்குவேனா?" மிக மிக அரிது. பிரிட்டனில் 2014-இல் வெளியான பெரிய ஆய்வில் சுமார் 19,000 முழு மயக்கங்களில் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தார். முன்பு உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். முதுகு ஊசியில் விழித்திருப்பது வேறு விஷயம். சிசேரியனில் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியக்கூடாது. தெரிந்தால் பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள், "வலிக்குது" என்று சத்தமாகச் சொல்லுங்கள். குமட்டல் வந்தாலும் சொல்லுங்கள், பெரும்பாலும் பி.பி. இறங்கியிருக்கும், உடனே சரிசெய்வோம்.

"ஏதாவது உளறிடுவேனா?" ட்யூப் இருக்கும்போது பேசவே முடியாது. மயக்கம் தெளியும்போது சிலர் முனகுவார்கள், அழுவார்கள், அம்மாவைக் கூப்பிடுவார்கள். அது அந்த அறையைத் தாண்டிப் போகாது.

"தெளியாமலே போயிட்டா?" இதைக் குரல் தாழ்த்திக் கேட்பார்கள். மயக்க மருந்து நிறுத்தினால் உடம்பிலிருந்து வெளியேறிவிடும். வாயு மருந்துகள் நிமிடங்களில் மூச்சோடு போய்விடும். தாமதமானால் சுகர், உடல் சூடு, சிறுநீரகம் என்று காரணம் தேடிச் சரிசெய்வோம். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது பெரும்பாலும் உங்கள் நோயையும் ஆபரேஷனின் அளவையும் பொறுத்தது, "எனக்கு எவ்வளவு ரிஸ்க்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏழாம் படி: விழித்த பிறகு

தொண்டை கரகரக்கும், ஓரிரு நாளில் போய்விடும். நடுக்கம் வந்தால் சூடான போர்வை போதும். பஸ்ஸில் போனால் வாந்தி வருபவர்களுக்கு இங்கேயும் வர வாய்ப்பு அதிகம். முன்பே சொன்னால் தடுப்பு மருந்து கொடுத்துவிடுவோம்.

வயதானவர்களைப் பற்றி ஒன்று. ஆபரேஷன் முடிந்த இரவில் சிலர் இடம் தெரியாமல் குழம்புவார்கள், ட்ரிப்ஸைப் பிடுங்குவார்கள். அவர்களைக் கட்டிவைப்பதைவிட, கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா, நான்தான், ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது நிறைய உதவும்.

அன்றே வீட்டுக்கு அனுப்பினால் 24 மணி நேரம் வண்டி ஓட்டவேண்டாம், பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டாம், மது தொடவேண்டாம், துணைக்கு ஒருவர் இருக்கட்டும். கால் மரப்பு போகாமல் நீடித்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் சம்மரியில் மயக்கம் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ட்யூப் போடச் சிரமம்", "இந்த மருந்து ஒவ்வாமை" என்று ஒரு வரி இருந்தால், அந்தத் தாளை ஆதார், ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே கவரில் போட்டு வையுங்கள், போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து நடுராத்திரியில் வேறொரு ஊரில் வேறொரு மயக்க டாக்டர் முன்னால் நீங்கள் பேச முடியாத நிலையில் கிடந்தால், உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஒரு வரிதான்.